இருபத்தைந்தும் பச்சை

எங்கள் தலைமை அலுவலகத்தில் ஒரு கேட்கீப்பர் இருக்கிறது. இருக்கிறார் என்று சொல்லவில்லை, கவனிக்கவும். வாசலில் தொப்பி போட்டு நிற்கிற ஆள் இல்லை அது. ஏழாம் மாடியில், கூட்ட அறைக்குப் பின்னால், துடைப்பமும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கிற சந்தில் ஒரு இரும்பு அலமாரி நிற்கும். அதற்குள் வீடியோ கூட்டம் நடத்துகிற பெட்டி ஒன்று இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியைச் செய்தவன் அதற்குள்ளேயே சேர்த்துக் கொடுத்திருக்கிற ஒரு ஏற்பாடுதான் கேட்கீப்பர். கிளைகளில் இருக்கிற வீடியோ கருவிகள் எல்லாம் கண் விழித்ததும் முதலில் இதனிடம் வந்து, என் எண் இது, உள்ளே விடு என்று கேட்க வேண்டும். பட்டியலில் எண் இருந்தால் விடும். இல்லாவிட்டால் விடாது. ஏன், எதற்கு என்ற பேச்செல்லாம் கிடையாது.

அந்தப் பட்டியலை எழுதுகிறவன் நான். பதினான்கு வருடமாக எழுதுகிறேன். இந்த அலுவலகத்தில் யாரும் என்னை ஒரு ஆளாக மதித்ததில்லை, கூட்டத்தில் சத்தம் கேட்காமல் போகிற நேரம் தவிர. அப்போது மட்டும் ஏழு பேர் என்னைத் தேடி ஓடி வருவார்கள். சத்தம் வந்ததும் என் முகம் மறந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது என்று சொல்வேன். பழகவில்லை என்பதுதான் உண்மை.

ஆரம்பத்தில் பட்டியல் எல்லாம் வைக்கவில்லை. யார் கூப்பிட்டாலும் பெட்டி எடுக்கும். ஒரு நாள் சேர்மன் பேசிக்கொண்டிருக்கும்போது, எந்த ஊர் எந்த நாடு என்றே தெரியாத ஒரு அழைப்பு குறுக்கே வந்து மணியடித்தது. இணையத்தில் இப்படிக் கதவு கதவாகத் தட்டிப் பார்க்கிற கூட்டம் உண்டு. சேர்மன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மத்தியானமே பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். அதன்பிறகு ஒரு ஈ காக்கைகூட உள்ளே வந்ததில்லை. அந்த டிக்கைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. பெட்டியோடு வந்த கேட்கீப்பர் இருபத்தைந்து எண்களைத்தான் வைத்துக்கொள்ளும். இருபத்தாறாவது வேண்டுமானால் தனியாக ஒரு கேட்கீப்பர் வாங்க வேண்டும். நாங்கள் தண்ணீர் பம்பு செய்கிற கம்பெனி. பதினேழு கிளைகள், தலைமை அலுவலகத்தில் நான்கு அறைகள், இயக்குநர்கள் மூன்று பேரின் வீடு, மலைமேல் இருக்கிற சேர்மனின் பங்களா. கூட்டினால் சரியாக இருபத்தைந்து. தனிக் கேட்கீப்பர் வாங்கலாமா என்று என் மேலாளரிடம் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் "பார்க்கலாம்". விடுப்பு கேட்டாலும் பார்க்கலாம், மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்க்கலாம். அவர் மனைவிக்குக் கல்யாணத்தின்போது சம்மதம் சொன்னதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஆளைத் திட்டக்கூட முடியாது, இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது.

இப்படி இருக்கும்போது சேர்மனின் மாப்பிள்ளை புது இயக்குநராக வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாளே அவருடைய வீட்டில் ஒரு கருவி வைக்கச் சொல்லி உத்தரவு. வைத்தேன். எண் கொடுத்தேன். பெட்டி ஏற்க மறுத்தது. பட்டியல் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டது. மேலாளரிடம் போய் நின்றேன்.

"எதையாவது ஒண்ணை எடுத்துடுங்க. யூஸ் பண்ணாம கெடக்கிறது ஏதாவது இருக்கும்ல?" என்றார்.

"கிளை எல்லாம் யூஸ்ல இருக்கு சார்."

"கடைசியா எப்ப வந்ததுன்னு பெட்டியே காட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. யாரு ரொம்ப நாளா வரலையோ அதை எடுங்க. அப்புறம் வேணும்னா பார்க்கலாம்."

பார்த்தேன். கிளைகளில் ரொம்ப நாளாக வராத எண் 4107. அது ஆற்றோரக் கிளை. அந்தக் கிளைக்குப் பொறுப்பு என் அண்ணன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவன். இந்தக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டவனே அவன்தான்; என் சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மூன்று முறை படியேறி இறங்கினான். ஆற்றோரக் கிளை என்பது பழுதான பம்புகளைச் சரிசெய்கிற பட்டறை. அவனையும் சேர்த்து இருபது பேர். எல்லாப் பம்பையும் காது வைத்துக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவான். ஆனால் ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அதே புத்திதான் வீடியோ கருவியிலும். கூட்டம் முடிந்த அடுத்த நிமிடம் சுவரிலேயே ஸ்விட்சை அணைத்துவிடுவான். கருவி தூங்கினால் பரவாயில்லை, மின்சாரமே இல்லாவிட்டால் அது கேட்கீப்பரிடம் வந்து பதிவு செய்யாது, செத்ததாகத்தான் கணக்கு என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். யாருமே பார்க்காத டிவி எதுக்குடா எரியணும் என்பான்.

அவன் கிளையில் கூட்டம் என்பதே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். ஆகவே பெட்டியின் கண்ணுக்கு 4107 ஐம்பது நாளாக ஆள் இல்லாத எண். மலை பங்களா எண்பது நாளாக வரவில்லை, அது வேறு விஷயம். அதில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை, மேலாளருக்கும் இல்லை. 4107-ஐ எடுத்தேன். மாப்பிள்ளையின் எண்ணைச் சேர்த்தேன். அண்ணன்தானே, கூட்டம் வந்தால் முந்தின நாள் எப்படியும் எனக்குப் போன் பண்ணுவான், அப்போது எதையாவது மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் அப்படித்தான் பண்ணுவான். தம்பி, அந்த டப்பாவை எப்படிப் போடணும் என்று ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்பான்.

இரண்டு வாரம் கழித்துச் சுற்றறிக்கை வந்தது. கிளைகள் அதிகமாகிவிட்டன, ஆறு கிளைகளைப் பற்றிச் சேர்மன் முடிவெடுக்கப் போகிறார், ஒவ்வொரு கிளையும் தன் பக்கத்தை வீடியோவில் பத்து நிமிடம் சொல்லலாம், அதைக் கேட்டு எந்த மூன்றை மூடுவது என்று அன்றே அறிவிக்கப்படும். ஆறில் ஒன்று ஆற்றோரக் கிளை.

அன்று மாலையே அண்ணன் கூப்பிட்டான். நான் அலமாரிச் சந்தில் வயர்களுக்கு நடுவில் குந்தியிருந்தேன். காலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக் கருவி என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. முகம் கறுப்பாகத் தெரிகிறது, முகம் சிவப்பாகத் தெரிகிறது என்று அங்கிருந்து ஐந்து தடவை போன். அந்த எரிச்சலோடுதான் எடுத்தேன்.

"தம்பி, பத்து நிமிஷம் குடுத்திருக்காங்கடா. அந்த டப்பாவுல முதல்ல எதை அமுக்கணும்?"

"எத்தனை தடவைண்ணா சொல்றது? சின்னப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி. ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி வச்சுக்கோ. போட்டுட்டு ஸ்விட்சை அணைக்காத. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அதுவே பண்ணிக்கும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடாத."

"சரிடா. கோவப்படாத. எழுதிக்கிறேன்," என்றான்.

போனை வைத்ததும் 4107 ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மேலாளரிடம் போய், ஆற்றோரக் கிளையை மறுபடி சேர்க்க வேண்டும், மலை பங்களாவைத் தற்காலிகமாக எடுக்கட்டுமா என்று கேட்டேன். சேர்மன் அங்கிருந்து பேசினாலும் பேசுவார், அதற்குள் எடுக்க வேண்டாம், இன்னும் நாள் இருக்கிறதே, பார்க்கலாம் என்றார். நானும் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு கிளைகளில் கேமரா பழுதாகி அங்கே போனேன், வந்தேன். அதோடு 4107 என் தலையிலிருந்து நழுவிப் போனது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு நான் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். கேட்கீப்பர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வருவேன். பதிவாகியிருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பாக இருக்கிற கிளைக்குப் போன் போட்டு, கருவியைப் போடச் சொல்லுவேன். அன்று வரிசையாகப் பச்சை. மலை பங்களாகூடப் பச்சை. யாரோ வேலைக்காரர் போட்டு வைத்திருக்கிறார். என் வேலைக் காலத்தில் இருபத்தைந்தும் பச்சையாக நான் பார்த்ததே இல்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதல்முறையாகப் பார்க்கலாம் என்று சொல்லாமல், சபாஷ் என்றார்.

பட்டியலில் இல்லாதது வரவில்லை என்பதைப் பட்டியல் எப்படிக் காட்டும்? இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். எனக்கு ஒரு நாள் தாமதமாகப் புரிந்தது. அண்ணன் போன் பண்ணவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கூப்பிடாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

கூட்ட அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு தட்டு இருக்கும், அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே நீண்ட மேசை, மூலையில் என் லேப்டாப், பக்கத்தில் மேலாளர். பெரிய திரையில் கட்டம் கட்டமாகக் கிளைகள். ஒரு கட்டத்தில் மாப்பிள்ளை வீடு. முதல் ஐந்து நிமிடம் மாப்பிள்ளை தெரிந்தார். பிறகு எழுந்து போனார். அதன்பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சாய்வு நாற்காலியும் அதில் ஏறிப் படுத்த பூனையும்தான்.

மூன்று கிளைகள் பேசி முடித்தன. அடுத்து ஆற்றோரக் கிளை என்று செயலாளர் படித்தார். திரையில் அந்தக் கிளைக்குக் கட்டமே இல்லை. அவசரமாக லேப்டாப்பில், வந்து தட்டுகிறவர்களைக் கேட்கீப்பர் வரி வரியாக எழுதி வைக்கிற பதிவேட்டைத் திறந்தேன். மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. 4107, பதிவு மறுக்கப்பட்டது. சிறிது நேரத்தில் இன்னொரு வரி. 4107, பதிவு மறுக்கப்பட்டது. அங்கே அவன் கருவியை அணைத்து அணைத்துப் போடுகிறான். ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் அது இங்கே வந்து கதவைத் தட்டுகிறது.

வேலை பெரிதில்லை. மாப்பிள்ளை எண்ணை எடுத்துவிட்டு அண்ணன் எண்ணைப் போட்டு, சேமி என்ற பொத்தானை அமுக்க வேண்டும். ஆனால் இந்தப் பெட்டியில் கேட்கீப்பரைச் சேமித்தால் அது ஒரு தடவை தன்னை அணைத்துப் போட்டுக்கொள்ளும். நாற்பது வினாடி அத்தனை கட்டமும் இருண்டுவிடும். சேர்மன் முன்னால் திரை நாற்பது வினாடி கறுப்பாகும். மேலாளர் காதருகில் குனிந்து சொன்னேன்.

"சார், ஆற்றோரக் கிளை வெளியில நிக்குது. நாமதான் எடுத்தோம். ஒரு நாப்பது செகண்டு கட் பண்ணிச் சேர்த்துடவா?"

அவர் திரையைப் பார்த்தார், சேர்மனைப் பார்த்தார். "இப்ப வேண்டாம். பார்க்கலாம்," என்றார்.

என் விரல் அந்தப் பொத்தான்மேல்தான் இருந்தது. யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். ஒரு அமுக்கு. நாற்பது வினாடி கறுப்பு, சேர்மனிடம் நாலு வசை, அதிகம் போனால் வேலை. அதற்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். திரையில் பூனை புரண்டு படுத்தது.

"என்ன, ஆற்றோரம் வரலையா?" என்றார் சேர்மன்.

மேலாளர் எழுந்து நின்றார். பதினான்கு வருடத்தில் அவர் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தக் கிளையில் எப்போதும் கருவியை அணைத்தே வைத்திருப்பார்கள் என்றும், பல தடவை சொல்லியும் கேட்கவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, அப்படித்தானே என்றார். நான் தலையாட்டினேன்.

"பத்து நிமிஷம் வந்து உக்காரக்கூட முடியாதவங்களுக்குப் பட்டறை எதுக்கு? அடுத்தது யாரு?" என்றார் சேர்மன்.

லேப்டாப்பில் இன்னும் வரிகள் விழுந்துகொண்டிருந்தன. எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டாவதுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. கூட்டம் முடியும்போது மூடப் போகிற மூன்றில் முதலாவதாக ஆற்றோரக் கிளையைப் படித்தார்கள்.

வெளியே வந்து தட்டிலிருந்து போனை எடுத்தேன். அண்ணனிடமிருந்து ஏழு அழைப்புகள். மொட்டை மாடிப் படியில் போய் நின்று கூப்பிட்டேன். எடுத்ததும் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலடா," என்றான். "பேப்பர்ல எழுதி வச்ச மாதிரிதான் பண்ணேன். மூலையில சிவப்பா ஒண்ணு எரிஞ்சுச்சு. எப்பவும் எரியறதுதான்னு நெனச்சு விட்டுட்டேன். பசங்க பத்தொன்பது பேரும் குளிச்சு, துவைச்ச சட்டை போட்டு வந்து பின்னாடி நின்னானுங்க. பின்னாடி சுவருக்குப் பெயிண்ட் வேற அடிச்சோம். ஒரு பம்பைப் பிரிச்சு டேபிள்மேல வச்சிருந்தேன், காட்டலாம்னு."

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், உன் எண்ணை எடுத்தது நான்தான் என்று. அதை விட்டுவிட்டுப் படியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

"உன் பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்," என்றான். "நான்தான் உன்னைச் சேர்த்துவிட்டவன்னு எல்லாருக்கும் தெரியும். அவன் அண்ணனுக்கு ஒரு டப்பாவைப் போடத் தெரியலன்னு சொல்லுவாங்க. ஏதாவது கேட்டா எல்லாத் தப்பும் என்னுதுன்னு சொல்லிடு."

இப்படி ஒரு மனுஷன் என்னைச் சொல்லச் சொன்னால் நான் என்ன செய்வேன்? சொன்னேன். இரண்டு நாள் கழித்து மேலாளர் ஒரு அறிக்கை கேட்டார். ஆற்றோரக் கிளை ஏன் இணையவில்லை, தொழில்நுட்பப் பிரிவு எழுத்தில் கொடுக்க வேண்டும். பட்டியலிலிருந்து எடுத்தது யார் என்று வந்தால் என் கையெழுத்து இருக்கும், எடுக்கச் சொன்னது வாய்வார்த்தை. அவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, இருவருக்கும் தெரியும். ஒரே வரி எழுதினேன். கூட்ட நேரத்தில் கிளையின் கருவி மின் இணைப்பிலிருந்து அணைக்கப்பட்டிருந்தது. கீழே என் பெயர் இல்லை, பிரிவின் முத்திரை மட்டும். அண்ணனின் பழக்கம் ஊருக்கே தெரியும், யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவியிடம் மட்டும் பாதி சொன்னேன். பட்டியலிலிருந்து எடுத்ததைச் சொன்னேன், அறிக்கையைச் சொல்லவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்."

"எப்ப? அவரு பசங்களையெல்லாம் அனுப்பி முடிச்சப்புறமா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் இருந்தது கேட்டதைவிட மோசம். சாப்பாடு போடும்போது மட்டும் தட்டை வைக்கிற சத்தம் ஒரு மாதிரி இருக்கும்.

இரண்டு மாதத்தில் பட்டறையைக் காலி செய்தார்கள். அண்ணன் ஒவ்வொருவனுக்கும் வேறு இடத்தில் வேலை தேடி அலைந்துகொண்டிருக்கிறான் என்று அண்ணி போனில் சொன்னாள். பதினொரு பேருக்குக் கிடைத்துவிட்டதாம். அவனுக்குத் தேட நேரம் கிடைக்கவில்லையாம்.

அந்தக் கிளையின் வீடியோ கருவி ஒரு மரப்பெட்டியில் என்னிடம் திரும்பி வந்தது. பழைய பொருள்களைப் பதிவு செய்து வைப்பதும் என் வேலைதான். பெட்டியைத் திறந்தேன். கருவியைத் துடைத்து, கேமராவைத் துணியில் சுற்றி, ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வயரை எட்டுப் போலச் சுருட்டிக் கட்டியிருந்தான். வயரின் பிளக்கில் செல்லோடேப்பால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அண்ணனின் குண்டு குண்டான எழுத்து.

"தம்பி சொன்னது. யாரும் அணைக்கக் கூடாது."

கீழே தேதி. கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால். நான் போனில் எரிந்து விழுந்த அதே நாள்.

வயரைக் கையில் வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தேன். கேட்கீப்பரின் பதிவேட்டில் எப்போதும் இன்றைய வரிகளை மட்டும் காட்டுகிற மாதிரிதான் வைத்திருப்பேன். அந்தத் தேதி வரை பின்னோக்கிப் போனேன். 4107, பதிவு மறுக்கப்பட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒன்பது நாள், இரவு பகல். ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. நான் இருபத்தைந்தும் பச்சை என்று மேலாளரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்த அந்த மாலை நான்கு மணிக்கும் ஒரு வரி இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஐந்தடி தள்ளி, இந்த அலமாரிக்குள், அவன் தட்டிக்கொண்டிருந்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை என் பேச்சைக் கேட்டிருக்கிறான். எனக்கு அழுகை வந்தது. துடைப்பங்களுக்கு நடுவில் கால் உடைந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது அண்ணன் கூப்பிட்டான்.

"டப்பா பத்திரமா வந்துச்சாடா?"

"வந்துச்சுண்ணா."

"வயர்ல ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். எடுக்க மறந்துட்டேன். பெரிய ஆபீஸ்ல அசிங்கமா இருக்கும், கிழிச்சுப் போட்டுடு."

"சரிண்ணா."

அவன் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ சாமான் உருட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மூடுறதுக்கு லெட்டர் வந்துச்சுல்ல, அதுல எழுதியிருக்காங்க. டப்பா அணைஞ்சிருந்துச்சுன்னு உங்க பிரிவு சொல்லுச்சாம். அமுக்கத் தெரியலன்னு எழுதியிருந்தா ஒத்துக்குவேன் தம்பி. ஆனா அணைக்கல. கூட்டத்தப்போ வரலன்னு அணைச்சு அணைச்சுப் போட்டதோட சரி, அதுக்கு முன்னாடி ஒன்பது நாளும் நான் அணைக்கவே இல்ல. ராத்திரி ஒரு பையனை அங்கேயே படுக்க வச்சேன், எவனாவது மறந்து அணைச்சிடப் போறான்னு."

நான் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ எழுதியிருக்க மாட்டே. அது எனக்குத் தெரியும்," என்றான். "வேற எவனோ பார்க்காமயே எழுதியிருக்கான். நான் சும்மா உக்காந்திருந்தேன்னு பசங்களே நெனைக்கிறானுங்கடா, அதான் மனசு கேக்கல. யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றியா?"

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இதுதான் நேரம். சந்துக்கு வெளியே கூட்ட அறையில் யாரோ சத்தம் கேட்கவில்லை என்று என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பில் பட்டியல் திறந்தபடி இருந்தது, வரிசையாகப் பச்சை.

"பார்க்கலாம்ணா," என்றேன்.